ஊவாத் தேயிலையும் வாழ்க்கைவட்ட மதிப்பீடும்

பொருளை விலையால் மதித்தல் வணிகர் மரபு. தரத்தால் மதித்தல் நுகர்வோர் மரபு. இவ்விரண்டிற்கும் அப்பால், ஒரு பொருள் மண்ணிலே தோன்றுங்காலந்தொட்டு மீண்டும் மண்ணிலே மறையுங்காறும், நிலத்தின்மீதும் நீரின்மீதும் காற்றின்மீதும் மாந்தர்மீதும் அது ஏற்றும் சுமை எவ்வளவு என ஒன்றுவிடாது எண்ணிப் பார்க்கும் முறையொன்று கடந்த அரை நூற்றாண்டுக் காலத்தில் உருவாகியுள்ளது. அதனை வாழ்க்கைவட்ட மதிப்பீடு என வழங்குவர். 1969ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுக் கொக்கா கோலா நிறுவனம், தன் பானத்தை அடைக்கும் கலன்களுள் எது குறைந்த மூலப்பொருளையும் எரிபொருளையும் வேண்டுவது என அறிதற்பொருட்டு ஆராய்ச்சி நிலையம் ஒன்றைக் கொண்டு செய்வித்த ஆய்வே இத்துறையின் தொடக்கம் எனப் பொதுவாகக் கூறுவர். 1997இல் இதற்கென ஐ.எஸ்.ஓ. 14040 என்னும் அனைத்துலக நியமம் வெளியாயிற்று. 2006இல் அது திருத்தப்பெற்றது. அந்நியமத்தின்படி மதிப்பீடு நான்கு படிகளை உடையது. நோக்கத்தையும் எல்லையையும் வரையறுத்தல் முதலாவது. உட்செல்வனவற்றையும் வெளிவருவனவற்றையும் பட்டியலிடுதல் இரண்டாவது. அவற்றால் விளையும் தாக்கத்தைக் கணித்தல் மூன்றாவது. பெற்ற விடைக்குப் பொருள் காணல் நான்காவது.

படிகள் நான்கும் சொல்லுதற்கு எளியன. இடர்ப்பாடு முதற்படியிலேயே உள்ளது. எல்லையை எங்கே இடுவது, எந்த அலகுக்குக் கணக்கிடுவது என்னும் இரண்டனையும் ஒருவர் எவ்வாறு தெரிந்தெடுக்கின்றாரோ அவ்வாறே விடையும் அமையும். பதுளை மாவட்டத்துத் தோட்டங்களில் விளையும் தேயிலையை எடுத்துக்கொண்டு நோக்கின் இது தெளிவாகும். கடல்கடந்த நாடுகளிலுள்ள கொள்வோர் தேயிலையின் நிறத்தையும் மணத்தையும் மட்டுமன்றி, அது சூழலுக்கு விளைத்த சுமையையும் இன்று வினவுகின்றனர், சான்றிதழ் கேட்கின்றனர். பசறையிலும் அப்புத்தளையிலும் பறிக்கப்படும் கொழுந்தைப் பற்றிய தீர்ப்பு வேறோர் இடத்தில், வேறு சிலரால், ஓர் எண்ணாக எழுதப்படுங்கால், அவ்வெண் எவ்வாறு பிறந்தது என அறிந்திருத்தல் இம்மலைநாட்டார்க்கு வேண்டற்பாலது.

கணக்கு நிலத்திலே தொடங்குகின்றது. 1867இல் யேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். 1869இல் இலங்கையில் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை நாளடைவில் அழிக்க, அவற்றின் இடத்தைத் தேயிலை பற்றிக்கொண்டது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கினார். 1924இல் புகையிரதப் பாதை பதுளையை அடைந்தது. இவ்வரலாறு பலரும் அறிந்ததே. ஆயின் மதிப்பீட்டு நூலோர் இதனை எவ்வாறு கருதுகின்றனர் என்பது பலரும் அறியாதது. காட்டை அழித்துப் பயிர்நிலமாக்குங்கால் வெளியேறும் கரியமிலத்தைக் கணக்கிடும் வழக்கமான விதி, கடந்த இருபது ஆண்டுகளுள் நிகழ்ந்த மாற்றத்தையே கருத்திற் கொள்ளும். ஊவாவின் சோலைக்காடுகளும் பத்தனைப் புல்வெளிகளும் கோப்பிக்காகவும் தேயிலைக்காகவும் திருத்தப்பட்டு நூறு ஆண்டுகளுக்கு மேலாயின. ஆகவே அவை கணக்கில் வாரா. அண்மையில் காடு வெட்டிப் பயிரிட்ட ஏழை நாட்டு உழவன் மீது அச்சுமை முழுதும் ஏற, பண்டு வெட்டியவன் தூயவனாகின்றான். காலத்திலே இடப்படும் எல்லையும் ஓர் எல்லையே என்பதற்கு இது சான்று.

மரங்கள் போயின, மண்ணோ இன்னும் போய்க்கொண்டிருக்கின்றது. ஓர் எக்டேர் நிலத்திலிருந்து ஒரு மில்லிமீற்றர்ப் படலம் அரிக்கப்படுமாயின் அது பத்துக் கன மீற்றர் மண்ணாகும். ஏறத்தாழப் பத்துத் தொன்னுக்கு மேற்பட்ட நிறை. ஒரு மில்லிமீற்றர் குறைந்ததைக் கண்ணாற் காண்பார் எவருமிலர். நூறு ஆண்டுகளில் மேல்மண் முழுதும் சென்றபின்னரே, வேர் வெளித்தெரிய நிற்கும் தேயிலைச் செடி அதனை அறிவிக்கின்றது. 1951இல் மண் காப்புச் சட்டம் இயற்றப்பட்டது. கான் வெட்டுதலும் கல்வரம்பு கட்டுதலும், மீள்நடுகைக்கு முன் ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டுக் காலம் மானாப்புல்லையோ குவாதமாலாப் புல்லையோ வளர்த்து நிலத்தைத் தேற்றுதலும் தோட்டங்களில் வழங்கிவரும் முறைகள். எனினும் செங்குத்தான சரிவுகளில் செடியிடை வெற்றிடம் மிகுந்த பழைய வித்துத் தேயிலை மலைகள், பெருமழைக்கு மண்ணை இழந்த வண்ணமே உள்ளன. அம்மண் உமா ஓயா வழியே ரந்தம்பை நீர்த்தேக்கத்துட் சென்று படிகின்றது. தோட்டத்தின் எல்லையோடு கணக்கை முடிப்பவர் நீர்த்தேக்கத்து வண்டலைக் காணார். நீர்த்தேக்கத்தின் கணக்கெழுதுபவர் அதனைத் தேயிலையின் பெயரில் எழுதார்.

உரத்தின் கணக்கு இதனினும் நுண்ணியது. நூறு கிலோகிராம் தேயிலைக்கு ஏறத்தாழப் பத்துக் கிலோகிராம் நைதரசன் என்பது தோட்டங்களில் நெடுநாள் வழங்கிய அளவு. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கே நைதரசனாதலின், அது 22 கிலோகிராம் யூரியாவாகும். இவ்வுரம் இயற்கை வாயுவைக் கொண்டு பிறநாட்டுத் தொழிற்சாலைகளில் ஆக்கப்படுவது. அவ்வாக்கத்தின் புகை ஒருபுறமிருக்க, மண்ணிலிட்ட நைதரசனில் நூற்றில் ஒரு பங்களவு நைதரசு ஒட்சைட்டு என்னும் வாயுவாகிக் காற்றிற் கலக்கின்றது எனப் பொதுக் கணிப்புகள் கொள்ளும். ஒரு பங்கு என்பது அற்பமாகத் தோன்றும். ஆயின் அவ்வாயு புவியை வெப்பமாக்குவதில் கரியமில வாயுவினும் ஏறத்தாழ 270 மடங்கு வலிமையுடையது. கூட்டிப் பார்ப்பின், ஒரு கிலோகிராம் தேயிலைக்கு ஏறத்தாழ 400 கிராம் கரியமில வாயுவுக்கு ஒப்பான சுமை, புகைபோக்கி எதுவுமில்லாத பசிய மலைச்சரிவிலிருந்து எழுகின்றது.

கொழுந்து மடுவத்தில் நிறுக்கப்பட்டு, தோட்டத்தார் ‘ஸ்டோர்’ என வழங்கும் தொழிற்சாலையை அடைகின்றது. ஒரு கிலோகிராம் தேயிலைக்கு ஏறத்தாழ நாலரை முதல் நாலே முக்காற் கிலோகிராம் வரை பச்சைக் கொழுந்து வேண்டும். அஃதாவது, வாட்டுதல் முதல் உலர்த்துதல் ஈறாகச் செய்யப்படும் வேலையிற் பெரும்பகுதி நீரை அகற்றும் வேலையே. மூன்றரைக் கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்ட நீரை ஆவியாக்குதற்கு வேண்டிய வெப்பம் ஏறத்தாழ 8 மெகாயூல். ஆனால் அடுப்பில் இடப்படும் விறகு ஒன்று முதல் இரண்டு கிலோகிராம் வரை. ஒன்றரைக் கிலோகிராம் எனக் கொள்ளின் அதன் வெப்பம் 22 மெகாயூல் அளவாகும். எஞ்சியது புகைபோக்கி வழியும் சுவர் வழியும் சென்றொழிகின்றது. காற்றாடிகளுக்கும் உருளைகளுக்கும் வேண்டிய மின்சாரம் இதற்கு வேறாகும்.

1970களில் எண்ணெய் விலை ஏறியபின்னர், எண்ணெய் எரித்த தொழிற்சாலைகள் பல விறகுக்கு மாறின. விறகு நன்றா தீதா என வினவின், நேரான விடை இல்லை. தோட்டத்திலேயே நட்டு வளர்த்த சவுக்கும் யூக்கலிப்டசும் வெட்டப்பட்ட இடத்தில் மீண்டும் நடப்படுமாயின், எரித்த கரியை வளரும் மரம் திரும்ப வாங்கிக்கொள்ளும். அவ்விறகின் சுமை சிறிது. தாழ்நிலத்திலிருந்து இறப்பர் மரம் லொறியிற் கொணரப்படின் டீசற் செலவு அதனோடு சேரும். காட்டிலிருந்து வெட்டப்படின் அது விறகன்று, முதலையே எரித்தல். ஒரே அடுப்பு, ஒரே தேயிலை; விறகு வந்த வழியே வேறுபாடு. ஈரவிறகை எரிக்கும் வழக்கமும் ஈண்டுக் கருதத்தகும். விறகிலுள்ள நீரை ஆவியாக்கிவிட்டே வெப்பம் கொழுந்துக்குச் செல்லும். விறகுக்கு ஒரு கூரை இடுதல், பெரும்பொருள் செலவிட்டு வாங்கும் இயந்திரங்கள் சிலவற்றினும் மிகுந்த பயன் தருவது.

மின்சாரத்தைத் தூயதெனக் கொள்வோர் உமா ஓயாத் திட்டத்தை நினைத்தல் வேண்டும். 2024 ஏப்பிரலில் தொடக்கி வைக்கப்பட்ட அந்நிலையம் 120 மெகாவாற்று வலுவுடையது, நிலக்கரி வேண்டாதது. ஆயினும் அதன் சுரங்கம் அகழப்பட்ட காலத்தில், 2014இன் இறுதி தொட்டு, நிலத்தடி நீர் பெருமளவிற் சுரங்கத்துட் பாய, பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. மின்னலகு ஒன்றுக்கு இத்தனை கிராம் கரி எனக் காட்டும் அட்டவணையில் கிணற்றுக்கு நிரல் இல்லை.

பெட்டியிலிட்ட தேயிலை கொழும்புக்குச் செல்கின்றது. பதுளையிலிருந்து கொழும்பு புகையிரத வழியே 292 கிலோமீற்றர். 1883 முதல் அங்கே தேயிலை ஏலம் நடைபெறுகின்றது. அதன்பின் கடற்பயணம். தொலைவைக் கண்டு அஞ்சி, உள்ளூர்ப் பொருளே சூழலுக்கு ஏற்றது என மேலைநாட்டார் சிலர் கருதுவர். கணக்கு அவ்வாறு கூறவில்லை. பெருங்கப்பல் ஒரு தொன் பாரத்தை ஒரு கிலோமீற்றர் கொண்டுசெல்வதற்கு வெளியிடுவது பத்து இருபது கிராம் கரியமில வாயுவே. சூயஸ் கால்வாய் வழியாக இலண்டன் வரையிலான பன்னீராயிரத்து ஐந்நூறு கிலோமீற்றர்ப் பயணத்திலும் ஒரு கிலோகிராம் தேயிலைக்கு அது கால் கிலோகிராமை மீறுவதில்லை.

பெருஞ்செலவு கப்பலுக்கும் அப்பால், கொள்வோன் வீட்டுச் சமையலறையில் நிகழ்கின்றது. கோப்பை ஒன்றுக்கு இரண்டு கிராம் தேயிலை எனக் கொள்ளின், ஒரு கிலோகிராமில் 500 கோப்பை. ஒரு கோப்பைக்கு 200 மில்லிலீற்றர் நீர். அதனை 20 பாகையிலிருந்து 100 பாகைக்கு உயர்த்த 67 கிலோயூல் வேண்டும். (பண்டாரவளை உயரத்தில் நீர் 96 பாகையளவிலேயே கொதித்துவிடும் ஆதலின் அங்கே சிறிது மிச்சம் உண்டு.) ஐந்நூறு கோப்பைக்கு இது 33 மெகாயூலுக்கு மேலாகும். ஸ்டோரில் எரித்த விறகு முழுவதும் தந்த வெப்பத்தினும் இது மிகை. ஒரு கோப்பைக்கு வேண்டிய நீருக்கு இரு கோப்பை நீர் காய்ச்சுவது எங்கும் உள்ள வழக்கம். அங்ஙனமாயின் இச்செலவும் இரட்டிக்கும். பாலையும் சேர்ப்பின் கணக்கே தலைகீழாகின்றது. கோப்பைக்கு 30 மில்லிலீற்றர் பால் எனினும் ஐந்நூறு கோப்பைக்கு 15 லீற்றர். ஒரு லீற்றர்ப் பாலின் சுமை குறைந்தது ஒரு கிலோகிராம் கரியமில வாயு அளவினதாதலின், பதினைந்து கிலோகிராம் சுமை தேநீரின் பெயரால் மாட்டுக்கொட்டிலிலிருந்து வருகின்றது. உரமும் கப்பலும் கொதிநீரும் ஒருங்கு கூடினும் இதனை எட்டா. நியூசிலாந்துப் பால்மா கலந்த தேநீரை அருந்திவிட்டு, ஊவாத் தோட்டத்தின் புகைபோக்கியைக் குறைகூறுதல் நேர்மையாகாது. உள்ளங்கையில் ஒரு துளி சீனியை வைத்துக்கொண்டு தோட்டத் தொழிலாளி அருந்தும் வெறுந்தேநீரே, கணக்கின்படி, எல்லாத் தேநீரினும் இலேசானது.

இனி அலகைப் பற்றிய வினா. ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் ஈட்டித் தந்தது யூலை முதல் செப்ரெம்பர் வரை வீசும் வறண்ட கச்சான் காற்று. அக்காலத்தில் நீர் குன்றி, செடி நெருக்குண்டு, கொழுந்து தளிர்ப்பது குறைகின்றது. அந்நெருக்கடியிலேயே இலையில் மெதயில் சலிசிலேற்று முதலிய மணப்பொருள்கள் மிகுந்து, வேறெங்கும் கிட்டாத அவ்வாசனை பிறக்கின்றது. நிலத்துக்கு இட்ட உரமும் உழைப்பும் அவ்வளவே. விளைவு மூன்றிலொரு பங்கு குறைந்ததெனக் கொள்வோம். கிலோகிராம் கணக்கில் நோக்கின் சுமை ஒன்றரை மடங்காகிவிடும். ஊவாவின் மிகச் சிறந்த தேயிலை, நிறைக்கணக்கின் முன் மிகத் தீய தேயிலையாக நிற்கும். அத்தேயிலை ஏலத்தில் இருமடங்கு விலை பெறுமாயின், பண மதிப்புக்குக் கணக்கிடுவோர் முன் அதுவே நல்லதாகும். ஸ்டோருக்குள்ளும் இச்சிக்கல் உண்டு. ஒரே கொழுந்திலிருந்து பி.ஓ.பி.யும் டஸ்டும் பிறக்கின்றன. சுமையை நிறைப்படி பங்கிடின் இரண்டும் சமம். விலைப்படி பங்கிடின் விலை மிக்கது பெருஞ்சுமை தாங்கும். கோப்பைப்படி பங்கிடின், சிறிதளவிட்டாலே கடுஞ்சாயம் தரும் டஸ்ட் முந்தும். இவற்றுள் எது சரி என அறிவியல் மட்டும் தீர்க்காது. எனவே, எந்த அலகுக்கு எனக் கூறாது ஓர் எண்ணைக் காட்டுவோரிடம் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

வட்டம் முழுவதையும் நோக்காது ஒரு கூற்றை மட்டும் பற்றிக்கொண்டு எடுத்த முடிவு என்ன விளைக்கும் என்பதை இந்நாடு அண்மையிற் கண்டது. 2015இல் கிளைபோசேற்று என்னும் களைகொல்லி தடைசெய்யப்பட்டது. வடமத்திய மாகாணத்து உழவரிடை பரவிய சிறுநீரக நோய் பற்றிய அச்சமே அதற்குக் காரணம். மலைச்சரிவில் களை வளர்ந்தது. சுரண்டி கொண்டு களை செதுக்கிய இடங்களில் மண் இளகியது. அட்டைக்கும் குளவிக்கும் இடையே நின்று கொழுந்து பறிப்போர்க்கு இடர் பெருகியது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டது. ஒரு சுமையை ஓரிடத்தில் இறக்கி மற்றோரிடத்தில் ஏற்றுதலை இத்துறையினர் சுமை பெயர்த்தல் என்பர். களைகொல்லி தீங்கற்றது என்பது இதன் பொருளன்று.

இதனினும் பெரியது 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட தடை. அவ்வாண்டு நவம்பரில் அது நீக்கப்பட்டது. 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோகிராமாக இருந்த நாட்டின் தேயிலை விளைவு 2022இல் ஏறத்தாழ 251 மில்லியனாயிற்று. அந்நிய செலாவணி நெருக்கடியும் எரிபொருட் பஞ்சமும் உர விலையேற்றமும் இவ்வீழ்ச்சியிற் பங்குகொண்டன. தடையை மட்டும் காரணமெனல் பொருந்தாது. எனினும் உரத்தை ஒரு நாளில் நிறுத்துதல் எக்டேருக்கு உரிய சுமையைக் குறைக்குமேயன்றிக் கிலோகிராமுக்கு உரியதைக் குறைக்கும் என்பதற்கு உறுதியில்லை. விறகும் மின்சாரமும் காவற்கூலியும் சாலையும் முன்போலவே செலவாக, தேயிலை மட்டும் குறைந்தால், பகுக்கும் எண் சிறுக்க ஈவு பெருகுதல் கணக்கின் இயல்பு. இயற்கை உரமே ஆகாதது என்பதும் தவறு. இதே மாவட்டத்தில் இதல்கஸ்ஹின்னத் தோட்டத்தில் 1980களின் பிற்பகுதி முதல் இயற்கை முறையில் தேயிலை விளைவிக்கப்பட்டு வருகின்றது. அங்கே மண்ணைப் பல்லாண்டு பழக்கி, கூட்டெரு ஆக்கி, குறைந்த விளைவை ஈடுசெய்யும் விலைக்கு வேறு அங்காடி தேடினர். பல்லாண்டு வேலையை ஒரு வர்த்தமானி அறிவித்தலாற் செய்ய இயலாது.

ஒற்றைக் கூற்றை மட்டும் காட்டும் முத்திரைகளும் உள. தேயிலை நாற்றுமேடை மண்ணிலுள்ள வட்டப்புழுக்களைக் கொல்ல மெதயில் புரோமைட்டு என்னும் புகையூட்டி பயன்பட்டு வந்தது. அது ஓசோன் படலத்தைச் சிதைப்பது. 1987இன் மொன்றியல் உடன்படிக்கையின் வழி இலங்கை அதனைத் தேயிலையிலிருந்து விலக்கியது. 2011இல் ஓசோனுக்கு நட்பான தேயிலை என்னும் இலச்சினை வெளியிடப்பட்டது. பெருமைப்படத்தக்க செயல் அது. இலச்சினை கூறுவதும் உண்மையே. ஆயின் அது மண்ணைப் பற்றியோ விறகைப் பற்றியோ எதுவும் கூறுவதில்லை. அவ்விலச்சினை தாங்கிய தேயிலையை நைலோன் வலைப்பையில் இட்டு, அப்பையை உறையிலும் உறையைப் பெட்டியிலும் பெட்டியை மெல்லிய பிளாத்திக்குத் தாளிலும் சுற்றி விற்கவும் தடையில்லை.

மனிதரின் கணக்கு இறுதியில் வருகின்றது; மதிப்பீட்டு வரலாற்றிலும் அது இறுதியிலேயே வந்தது. சமூக வாழ்க்கைவட்ட மதிப்பீட்டுக்கான வழிகாட்டியை ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் வெளியிட்டது 2009இல். திருத்திய பதிப்பு 2020இல் வந்தது. கூலி, வேலை நேரம், உடல்நலம், உறைவிடம் முதலியன அதிற் கருதப்படுகின்றன. கையாற் பறிக்கப்படும் கொழுந்துக்கு எரிபொருட் செலவில்லை என்பதனால் கரிக்கணக்கில் ஊவாத் தேயிலை நற்பெயர் பெறுகின்றது. எரிபொருள் இல்லை என்பது உண்மை. செலவில்லை என்பது உண்மையன்று. நாட்கூலி 1000 ரூபாயாக உயர்ந்தது 2021இல். அடிப்படைக் கூலி 1350 ரூபாய் ஆனது 2024இல். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் இடர் மிக்கதென முன்னரே அறிவுறுத்தப்பட்டிருந்தது. ஒரு கிலோகிராம் தேயிலையின் பட்டியலில் இதனை எந்த அலகால் எழுதுவது?

பெருந்துயரை விடுத்து அன்றாட நிகழ்ச்சி ஒன்றை நோக்கினும் அதே சிக்கல் தோன்றும். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலை மலை கவ்வாத்து வெட்டப்படும். வெட்டிய கிளைகளை நிலத்திலேயே விடுக என்பது பயிர்நூலார் அறிவுரை. அவை மட்கி நைதரசனையும் பொற்றாசியத்தையும் மண்ணுக்கு மீட்டளிக்கும். சரிவில் மண்ணையும் காக்கும். ஆனால் காய்ந்த அக்கிளைகளே தோட்ட மக்களின் மிலாறு. வேலை முடிந்து வீடு திரும்பும் பெண் தலையிற் சுமந்து வருவது அதனையே. லயத்து அடுப்பு எரிவது அதனாலேயே. மிலாற்றை மலையில் விட்டால் தோட்டத்தின் உரச்செலவு குறையும். தொழிலாளியின் வீட்டில் எரிவாயுச் செலவு ஏறும், அல்லது அருகிலுள்ள காட்டில் ஒரு கிளை முறியும். மிலாற்றை எடுத்துச் சென்றால் அடுத்த பருவத்தில் அவ்வளவு யூரியா மிகுதியாக வேண்டும். அதன் சுமை தேயிலையின் பெயரில் எழுதப்படும். கணிப்போர் பெரும்பாலும் எல்லைக் கோட்டை ஸ்டோரின் வாயிலிலும் தோட்டத்தின் வேலியிலும் இடுகின்றனர். லயத்தின் அடுப்பு அக்கோட்டுக்கு எந்தப் பக்கத்தில் உள்ளது என்பதைப் பட்டியலின் முதற்பக்கத்திலேயே அவர்கள் எழுதிவைத்தல் வேண்டும்.